சம்மர் இன்டர்ன்ஷிப்: இரண்டு மாதத்தில் மாணவர்கள் உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறார்கள்? இந்தியாவுக்கும் வெளிநாட்டுக்கும் என்ன வித்தியாசம்?

உங்கள் அலுவலகத்திலும் மே மாத முதல் வாரத்தில் இது நடக்கும். "திங்கட்கிழமை முதல் இரண்டு இன்டர்ன்கள் வருகிறார்கள், உங்கள் டீமில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஹெச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வரும். அந்த வாரம்தான் உங்களுக்கு ரிலீஸ். அவர்களுக்கு லேப்டாப் வர நான்கு நாளாகும், சிஸ்டம் ஆக்சஸ் கிடைக்க இன்னும் நான்கு நாள். அதுவரை "இந்த டாகுமென்ட்டைப் படிச்சிட்டு இருங்க" என்று ஒரு லிங்க் அனுப்பி வைப்பீர்கள். எட்டு வார இன்டர்ன்ஷிப்பில் ஒன்றரை வாரம் அப்படியே போய்விடும்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த நாற்காலியில் நீங்களே உட்கார்ந்திருக்கலாம். இப்போது மேஜையின் எதிர்ப்பக்கம் இருக்கிறீர்கள். போதாததற்கு, காலேஜில் படிக்கும் தம்பியோ சித்தி மகளோ போன் செய்து, "ஒரு ஆஃபர் வந்திருக்கு, ஸ்டைபெண்ட் கிடையாதாம், போகலாமா?" என்று கேட்பதும் உங்களிடம்தான்.

இன்டர்ன்ஷிப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் மாணவர்களுக்காகவே எழுதப்படுகின்றன. சிவி எப்படி எழுதுவது, இன்டர்வியூவில் என்ன பேசுவது என்று. ஆனால் ஒருவர் இரண்டு மாதத்தில் எவ்வளவு கற்றுக்கொள்கிறார் என்பதை அவருடைய மார்க்கைவிட இரண்டு விஷயங்கள்தான் அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் வாதம். ஒன்று, அவருக்கு என்ன வேலை, யார் கொடுக்கிறார்கள் என்பது. இன்னொன்று, அந்த ஊரில் இரண்டு மாதம் தங்கிச் சாப்பிட அவரிடம் காசு இருக்கிறதா என்பது.

இந்தியச் சட்டத்தில் 'இன்டர்ன்' என்பவர் யார்?

எளிய கேள்விதான், ஆனால் நேரான பதில் இல்லை. தொழிற்பழகுநர்களுக்கு, அதாவது அப்ரன்டிஸ்களுக்கு, 1961-ம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஒப்பந்தம், பயிற்சிக் காலம், குறைந்தபட்ச உதவித்தொகை எல்லாம் அதில் உண்டு. 2019-ல் திருத்தப்பட்ட விதிகளில் பட்டதாரி அப்ரன்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஆனால் கோடை விடுமுறையில் உங்கள் ஆபீசுக்கு வரும் மூன்றாம் ஆண்டு மாணவி அந்தச் சட்டத்தின் கீழ் பதிவான அப்ரன்டிஸ் அல்ல. அவருக்கு இவ்வளவு கொடுத்தே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டம் உங்கள் கம்பெனியிடம் சொல்வதில்லை.

விதிகள் இருப்பது படிப்பின் பக்கம்தான். பி.இ., பி.டெக். மாணவர்கள் படிப்புக் காலத்தில் மொத்தம் 600 முதல் 700 மணி நேரம் இன்டர்ன்ஷிப் செய்யவேண்டும் என்கிறது ஏ.ஐ.சி.டி.இ.யின் கொள்கை. கலை, அறிவியல் இளங்கலை மாணவர்களுக்கு யு.ஜி.சி.யின் வழிகாட்டுதல் சொல்வது நான்காவது செமஸ்டருக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரம். சட்ட மாணவர்களுக்கு இந்திய பார் கவுன்சில் விதிப்படி ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரம். அதுவும் ஒரே ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. ஒரு முறையாவது விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் இருந்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்ஜினியரிங்குக்குக் கேட்கும் குறைந்தபட்ச நேரம், பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி.க்குக் கேட்பதைப்போல் பத்து மடங்கு. 60 மணி நேரம் என்றால் எட்டு மணி நேர வேலைக்கு ஏழரை நாள். நம் ஆபீஸ்களில் லேப்டாப்பும் ஆக்சஸும் வருவதற்குள் அது முடிந்துவிடும்!

சரி, என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்?

பயோடேட்டாவில் எழுதுவது பைத்தான், எக்செல், ஆட்டோகேட். ஆனால் அதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே யூடியூபில் கற்றுக்கொள்ளலாம். இன்டர்ன்ஷிப்பில் மட்டுமே கிடைப்பது வேறு.

டேட்டா வேலையை எடுத்துக்கொள்வோம், எனக்குத் தெரிந்த இடம் என்பதால். காலேஜ் புராஜெக்டில் வரும் டேட்டா ஏற்கெனவே குளிப்பாட்டிப் பொட்டு வைத்த குழந்தை. ஆபீஸில் வரும் ஃபைலில் ஒரே மாவட்டம் மூன்று ஸ்பெல்லிங்கில் இருக்கும். தேதி ஓரிடத்தில் நாள்-மாதம், இன்னோரிடத்தில் மாதம்-நாள். காலியான கட்டத்துக்கு 'பூஜ்யம்' என்று அர்த்தமா, 'தகவல் இல்லை' என்று அர்த்தமா என்பது அந்த ஃபைலை உருவாக்கியவருக்கு மட்டும்தான் தெரியும். அவரைத் தேடிப்பிடித்து, தொந்தரவு செய்யாமல், ஆனால் விடாமல் கேட்டு வாங்குவதுதான் வேலை. இதை எந்தப் பாடத்திட்டத்திலும் வைக்க முடியாது.

சாஃப்ட்வேரில் அதுவே வேறு வடிவத்தில் வரும். கல்லூரியில் எல்லோரும் வெற்றுப் பக்கத்திலிருந்து கோடு எழுதுவார்கள். வேலையில் எட்டு வருஷமாகப் பத்துப் பேர் எழுதிவிட்டுப் போன கோடைப் படித்து, அதில் நான்கு வரியை மட்டும், வேறெதுவும் உடையாமல் மாற்றவேண்டும். எழுதுவதைவிடப் படிப்பதற்கு நேரம் அதிகம் போகும் என்பதே பலருக்கு அங்கேதான் தெரியவரும். மெக்கானிக்கல் மாணவருக்கு ஷாப் ஃப்ளோரில் ஷிஃப்ட் மாறும் அரை மணி நேரம் ஒரு பாடம். வரைபடத்தில் தசம புள்ளிக்குப் பிறகு மூன்றாவது இலக்கத்தில் விளையாடியவர், அந்த டாலரன்ஸை மெஷினில் பிடிக்க ஒரு ஆபரேட்டர் என்ன பாடுபடுகிறார் என்று பார்ப்பார். சட்ட மாணவருக்கோ, ஒரு நாள் முழுக்க மாவட்ட நீதிமன்றத்தில் காத்திருந்து வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பும் கட்சிக்காரரின் முகம்.

இன்னொரு முக்கியமான பாடம், எப்போது உதவி கேட்பது என்பது. பத்தே நிமிடத்தில் கேட்டால் 'முயற்சியே செய்யவில்லை' என்பார்கள், இரண்டு நாள் கழித்துக் கேட்டால் 'முன்னாடியே சொல்லியிருக்கலாமே' என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று பிடிபட ஒரு மாதமாவது ஆகும். "வெள்ளிக்கிழமை முடியாது, செவ்வாய்க்கிழமை தருகிறேன்" என்று புதன்கிழமையே சொல்வதும் அப்படித்தான். நம் கல்விமுறையில் 'முடியவில்லை' என்று சொல்வது தோல்வி. அலுவலகத்தில் அது ஒரு தகவல், அவ்வளவுதான்.

'இந்த வேலை எனக்கு வேண்டாம்' என்று தெரிந்துகொள்வதையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். இரண்டு மாதத்தில் அது தெரிந்தால், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துத் தெரிவதைவிட மலிவு.

இப்போது புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. இன்டர்னுக்கு என்று வழக்கமாக ஒதுக்கிவைக்கும் சின்னச் சின்ன வேலைகளை சாட்ஜிபிடி போன்ற கருவிகள் நிமிடங்களில் செய்துவிடுகின்றன. ஒரு வார வேலையை ஒரே நாளில் முடித்து, அழகாகக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "இந்த வரி எதுக்கு?" என்று கேட்டால் அமைதி. வேலை முடிந்துவிட்டது, கற்றல் நடக்கவில்லை. தடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கருவியைப் பயன்படுத்தட்டும், ஆனால் கொடுத்த ஒவ்வொன்றையும் வாய்விட்டு விளக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் முதலில் வருவது ஒரு காகிதம்

வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் என்றதும் போட்டோதான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே போகும் மாணவர் முதலில் சந்திப்பது படிவங்களை.

அமெரிக்காவில் ஜே-1 விசாவில் இன்டர்னாகப் போகிறவர் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது படிப்பை முடித்து 12 மாதத்துக்குள் இருக்கவேண்டும். அதிகபட்சம் 12 மாதம் இருக்கலாம். அதற்கு டி.எஸ்.-7002 என்ற பயிற்சித் திட்டப் படிவம் நிரப்பவேண்டும். இன்டர்னுக்கு எந்தக் கட்டத்தில் என்ன சொல்லித்தரப்படும், யார் மேற்பார்வை, அவருக்கு என்ன தகுதி, கற்றுக்கொண்டதை எப்படி அளப்பார்கள், எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்கும். மாணவர், வேலை கொடுப்பவர், விசாவுக்குப் பொறுப்பேற்கும் அமைப்பு ஆகிய மூவரும் கையெழுத்துப் போடுவார்கள்.

பிரான்ஸில் இதற்குப் பெயர் 'கன்வன்சியோன் த ஸ்தாஜ்'. கல்லூரி, மாணவர், நிறுவனம் மூன்றும் சேர்ந்த ஒப்பந்தம். கல்லூரித் தரப்பில் ஒரு வழிகாட்டி, நிறுவனத் தரப்பில் ஒரு வழிகாட்டி, இருவரின் பெயரும் அதில் இருக்கவேண்டும். இன்டர்ன்ஷிப் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது. இரண்டு மாதத்தைத் தாண்டினால் உதவித்தொகை கட்டாயம். 2025-ல் அது மணிக்கு 4.35 யூரோ.

இங்கேதான் நமக்கு ஒரு பொறி. 'இரண்டு மாதத்தைத் தாண்டினால்' என்பதைக் கவனியுங்கள். நம் கல்லூரிகளின் கோடை விடுமுறை ஏறக்குறைய அந்த அளவுதான். ஜெர்மனியிலும் இதே கதை. படிப்பில் கட்டாயமான இன்டர்ன்ஷிப்புக்கும், மாணவர் தானாகச் செய்யும் மூன்று மாதம் வரையிலான இன்டர்ன்ஷிப்புக்கும் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. ஆக, இரண்டு நாட்டுச் சட்டமும் காசு விஷயத்தில் பாதுகாப்பு தரத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நம் மாணவர் ஊர் திரும்பியிருப்பார். ஐரோப்பா என்றாலே சம்பளம் தருவார்கள் என்று நம்பி பிளைட் டிக்கெட் போட வேண்டாம். ஆஃபர் லெட்டரில் தொகை இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தியாவிலிருந்து ஜெர்மன் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்குப் போகும் அறிவியல், இன்ஜினியரிங் மாணவர்களுக்கு அந்நாட்டுக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. நடத்தும் 'வைஸ்' திட்டம் பரிச்சயம். உதவித்தொகையோடு இரண்டு மூன்று மாதம். கனடாவின் 'மைடாக்ஸ் குளோபலிங்க்' 12 வார ஆய்வுத் திட்டமும் அதே வகை. இவற்றில் கிடைக்கும் அனுபவத்தில் பாதி ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது. பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழாது. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்கும் என்று நம்பினால் ஜெர்மனியில் பட்டினிதான். ஆய்வகத்துக்குள் ஒரு குடுவையைத் தொடும் முன்பே பாதுகாப்புப் பயிற்சியில் உட்காரவைப்பார்கள். மீட்டிங்கில் 'உன் கருத்து என்ன?' என்று கேட்டுவிட்டு, நிஜமாகவே பதிலுக்குக் காத்திருப்பார்கள். 'சார் சொன்னா சரி' என்று பழகிய நமக்கு அந்த அமைதிதான் முதல் பரீட்சை.

ஆனால் அங்கே ஆய்வகம் நம்மைவிட உயர்ந்தது, அதனால் கற்றல் அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். வித்தியாசம் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. என்ன சொல்லித்தருவோம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, இன்டர்னை எட்டு வாரம் ஸ்லைடு தயாரிக்கவைப்பது கொஞ்சம் கடினம். நம் ஆஃபர் லெட்டர்கள் பலவற்றில் இருப்பது தொடங்கும் தேதி, முடியும் தேதி, ரகசியக் காப்பு விதி. என்ன கற்பிப்போம் என்று ஒரு வரி இருக்காது.

காசு இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கு யார் போக முடியும்?

2015-ல் ஜெனீவாவில் டேவிட் ஹைட் என்ற 22 வயது நியூசிலாந்து இளைஞர் ஐ.நா.வில் இன்டர்னாக இருந்தபோது ஏரிக்கரைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஊதியமில்லா இன்டர்ன்ஷிப்பை அம்பலப்படுத்தும் நோக்கமும் தனக்கு இருந்தது என்று அவரே பிறகு சொன்னார். அதற்குப் பின் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவை இன்டர்ன்களுக்கு உதவித்தொகை தரத் தொடங்கின.

அமெரிக்காவில் 'பிளாக் ஸ்வான்' படத்தயாரிப்பில் சம்பளமின்றி வேலை செய்த இன்டர்ன்கள் தொடுத்த வழக்கில் 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே உருவான அளவுகோல்: இந்த உறவில் அதிகம் பயனடைவது யார், இன்டர்னா, கம்பெனியா? கம்பெனிதான் என்றால் அவர் ஊழியர், சம்பளம் கொடு. 2018-ல் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் இதையே ஏற்றுக்கொண்டது. நம்மூர் இன்டர்ன்ஷிப்புக்கும் பொருத்திப் பார்க்க நல்ல கேள்வி இது.

இந்தியாவில் மத்திய அரசுக்குள்ளேயே இரண்டு வழக்கம் உண்டு. நிதி ஆயோக் இன்டர்ன்ஷிப்புக்கு ஊதியம் கிடையாது. வெளியுறவுத் துறை அமைச்சகமோ மாதம் 10,000 ரூபாயும், டெல்லிக்கு வந்துபோக விமானக் கட்டணமும் தருகிறது. திருநெல்வேலியிலிருந்து விண்ணப்பிக்கும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசும் எண்கள் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் இருக்கின்றன. 2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டில் ஒரு கோடி இளைஞர்களுக்கு முன்னணி 500 நிறுவனங்களில் வாய்ப்பு என்பது இலக்கு. இது கோடை இன்டர்ன்ஷிப் அல்ல. முதல் சுற்று விதிப்படி முழுநேர மாணவர்கள் சேர முடியாது, 21 முதல் 24 வயதுக்காரர்களுக்கு 12 மாதப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய், தொடக்கத்தில் ஒருமுறை 6,000 ரூபாய். ஆனாலும் இங்கே நடந்தது நம் கேள்விக்குப் பதில் சொல்கிறது.

அந்த முன்னோட்டத்தின் முதல் சுற்றில் இருந்த இடங்கள் சுமார் 1.27 லட்சம். வந்த விண்ணப்பங்கள் 6.21 லட்சம். நிறுவனங்கள் கொடுத்த ஆஃபர்கள் 82,000-க்கும் மேல். ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 28,000 பேர். கடைசியில் சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர். இவை அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த விவரங்கள். பத்து ஆஃபரில் ஏறக்குறைய ஒன்றுதான் வேலையில் போய் உட்கார்ந்தது.

விண்ணப்பக் கூட்டத்தைப் பார்த்தால் ஆர்வம் இல்லை என்று சொல்ல முடியாது. இடம், வேலையின் தன்மை, கால அளவு ஆகியவை பலர் வராததற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. 'இடம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது வாடகை. ஓ.எம்.ஆரிலோ ஒயிட்ஃபீல்டிலோ பி.ஜி.யில் மூன்று பேரோடு ரூமைப் பகிர்ந்துகொண்டாலும் அந்த 5,000 எத்தனை நாள் வரும்? வீடு அதே ஊரில் இருப்பவருக்கு அது பாக்கெட் மணி. வெளியூர்க்காரருக்கு அது பற்றாக்குறை பட்ஜெட். ஸ்டைபெண்ட் குறைவாக இருந்தால் திறமைசாலிகளுக்குப் பதில் உள்ளூர்க்காரர்களும் வசதியானவர்களும் வந்து சேருவார்கள். பிறகு 'நல்ல இன்டர்ன் கிடைக்கறதில்ல' என்று நாமே புலம்புவோம்.

ஆகவே, தம்பி போன் செய்து "ஸ்டைபெண்ட் இல்லை, போகலாமா?" என்று கேட்டால் ஒரேயடியாக ஆமாம், இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். வாடகை, மெஸ், பஸ் பாஸ் மூன்றையும் கூட்டி, இரண்டால் பெருக்கச் சொல்லுங்கள். அந்தத் தொகையைக் கொடுத்து அவன் வாங்கும் கோர்ஸ் இது. யார் சொல்லித்தருவார், என்ன சொல்லித்தருவார் என்று மெயில் போட்டுக் கேட்கட்டும். பதில் வராவிட்டால் அதுவே பதில். பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட் என்று வருபவை பக்கமே போகவேண்டாம்.

இன்டர்ன் உங்களிடம் வந்தால்

டி.எஸ்.-7002 படிவத்தை நம் கம்பெனிகள் நிரப்பத் தேவையில்லை. ஆனால் அதிலுள்ள நான்கு கேள்விகளை, அதாவது என்ன கற்பார், யார் கற்பிப்பார், எப்படி அளப்போம், எவ்வளவு தருவோம் என்பதை, அரைப் பக்க மெயிலாக எழுதி இன்டர்னுக்கு அனுப்ப உங்களுக்கு இருபது நிமிடம் போதும். லேப்டாப்புக்கும் ஆக்சஸுக்கும் ஏப்ரலிலேயே டிக்கெட் போட்டுவிடுங்கள்.

வேலையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. அது உங்களுக்கு நிஜமாகவே தேவையானதாக, ஆனால் அவசரமில்லாததாக இருக்கவேண்டும். அவசரமானதைக் கொடுத்தால் பாதியில் பிடுங்கி நீங்களே செய்துவிடுவீர்கள். தேவையில்லாததைக் கொடுத்தால் அது அவருக்கு மூன்றாவது நாளே தெரிந்துவிடும். 'ஒருநாள் செய்யணும்' என்று நீங்கள் தள்ளிவைத்திருக்கும் வேலைகள்தான் இதற்குச் சரி. தினமும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்தப் பதினைந்து நிமிடம் இருப்பதால், எப்போது கேட்பது என்ற அவருடைய தவிப்பு பாதி தீர்ந்துவிடும். கடைசி வாரம் செய்ததை டீமுக்கு முன்னால் விளக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆபீஸில் பலருக்குத் தெரியாத ஒன்று: பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெறுபவரையும், ஊதியமின்றி வேலை செய்பவரையும் 'ஊழியர்' என்றே கணக்கில் கொள்கிறது. எனவே இன்டர்ன் பெண்ணும் உங்கள் அலுவலக உள்புகார்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரவேண்டும். பத்துப் பேருக்கும் குறைவான ஸ்டார்ட்-அப் என்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம். எட்டு வார இன்டர்ன்ஷிப் முடிந்து ஊருக்குப் போன பிறகும் அந்த மூன்று மாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதல் நாளே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டு ஆஃபரில் மட்டும் ஒரு எச்சரிக்கை

டெலிகிராமில் வந்த ஆஃபர், இன்டர்வியூ ஐந்து நிமிடம், டூரிஸ்ட் விசாவில் வரச்சொல்கிறார்கள் என்றால் நின்று யோசியுங்கள். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று ஆசைகாட்டி ஐ.டி. இளைஞர்களை மியான்மருக்குக் கடத்துவதாக வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. அடுத்த மாதமே மீட்கப்பட்டு சென்னை வந்திறங்கியவர்களில் 13 பேர் தமிழர்கள். அவை இன்டர்ன்ஷிப் அல்ல, வேலை என்று சொல்லி அழைத்தவை. ஆனால் அனுபவம் தேடும் வயதில் வலை ஒன்றுதான். மாணவரைக் கூப்பிடும் பல்கலைக்கழகத்தின் பேராசிரியருக்குப் பல்கலைக்கழக மெயில் முகவரி இருக்கும். விசா எந்த வகை என்பதை முதல் கடிதத்திலேயே சொல்வார்.

எப்போது விண்ணப்பிப்பது?

மே மாத இன்டர்ன்ஷிப்புக்கு ஏப்ரலில் தேடினால் கிடைப்பது மிச்சம் மீதிதான். மைடாக்ஸ் விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரிலேயே முடிந்துவிடும். ரிசர்வ் வங்கியின் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் நடு வரை. வைஸ் திட்டமும், மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டமும் நவம்பர் வாக்கில் மூடும். நிதி ஆயோக் மட்டும் ஒவ்வொரு மாதமும் 1 முதல் 10-ம் தேதி வரை விண்ணப்பம் வாங்குகிறது. ஜெர்மன் பேராசிரியரிடமிருந்து அழைப்புக் கடிதம் வாங்கவே ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்பதால், வைஸுக்குக் குறிவைக்கும் தங்கை மெயில் அனுப்பத் தொடங்கவேண்டியது ஆகஸ்டில்.